நல்லா ஓடிக்கினு இருக்கறத ஏன் நோண்டணும்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மேஜையில், டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் கோப்பு ஒன்றை டொரண்ட்டில் (நடுவில் சர்வர் இல்லாமல் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் கோப்பு கொடுக்கும் முறை) பகிர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பகிர்வது என்றால் பெரிய வேலை ஒன்றும் கிடையாது, கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டால் போதும். அதற்கான கியூபிட்டொரண்ட் மென்பொருளின் கீழ்ப்பாதியில் 'பியர்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். நம்மிடமிருந்து யார் யார் துண்டு துண்டாக வாங்குகிறார்கள், யார் கொடுக்கிறார்கள் என்பதை ஐபி முகவரி, நாட்டுக் கொடி, வேகம் என்று வரிசையாகக் காட்டும். அதில் 'கிளையண்ட்' என்று, எதிராளி எந்த மென்பொருளை ஓட்டுகிறார் என்று காட்டும் ஒரு பத்தி உண்டு, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரான்ஸ்மிஷன் 2.94. அதற்குக் கீழே கியூபிட்டொரண்ட் 4.1. இன்னும் கீழே மியூடொரண்ட் 2.2.1. அந்த மியூடொரண்ட் வெர்ஷன் வந்தது 2011இல்.

டொரண்ட்டுக்கு அடிப்படையான பிட்டொரண்ட் முறையில் ஒவ்வொரு மென்பொருளும் எதிராளியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள 20 பைட் நீளத்தில் ஓர் அடையாளத்தை அனுப்பும். பெரும்பாலான மென்பொருள்களில் அதன் முதல் எட்டு எழுத்துக்குள்ளேயே பெயர்ச் சுருக்கமும் வெர்ஷன் எண்ணும் இருக்கும். அதனால் ஊர் பேர் தெரியாத ஒருவர் எந்தக் காலத்து மென்பொருளை ஓட்டுகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வழியில்லை. அந்த மென்பொருளை எழுதியவருக்கும்கூட பல நேரம் வழியில்லை. (எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. டெபியன், உபுண்டு போன்றவை பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்த்துக் கொடுப்பது உண்டு.)

பழைய வெர்ஷனில் நிற்பவரை நகர்த்த வழியில்லாத இந்தப் பிரச்சினை வாட்ஸ்அப்பில் வராது. ஒரு கம்பெனி, அதன் சர்வர், அவர்கள் வைத்தது சட்டம். குறிப்பிட்ட தேதிக்கு மேல் பழைய ஆண்ட்ராய்டில் ஓடாது என்று சொன்னால் ஓடாது, அவ்வளவுதான். காட்பாடியில் பூக்கடை வைத்திருக்கிற அக்காவும் வேறு வழியில்லாமல் போனை மாற்றுவார். ஆனால் பிட்டொரண்ட், டிஜிட்டல் பண வலைகளான பிட்காயின், எத்தீரியம், அடையாளம் காட்டாமல் இணையத்தில் உலவ உதவும் டோர், பலர் தனித்தனி சர்வர்களில் நடத்தும் சமூக வலைத்தளமான மாஸ்டடான், இணையப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித் தருகிற, நாம் யோசிக்காமலே நாள் முழுக்கப் பயன்படுத்துகிற டிஎன்எஸ், இவற்றுக்கெல்லாம் நடுவில் உட்கார்ந்து ஒரே பட்டனில் எல்லோருடைய மென்பொருளையும் மாற்ற ஆள் கிடையாது. அப்படி ஓர் ஆள் இருக்கக்கூடாது என்பதற்காகவே இவற்றில் சிலவற்றை இப்படிக் கட்டினார்கள். பிட்காயின் வலையை ஓட்டும் முக்கிய மென்பொருளான பிட்காயின் கோரில் தானாக அப்டேட் ஆகும் வசதி இல்லாததும் மறதியால் இல்லை. எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் புதிய நிரலைத் தானாக இறக்க ஒருவரால் முடியும் என்றால், அந்த வலையின் விதிகளை மாற்றுவதும் அவர் கையில்தான் இருக்கும்.

அதனால் இங்கே கேட்டுக்கொள்வது ஒன்றுதான் வழி. ஒருவர் கேட்டுக்கொள்ள, இன்னொருவர் நம்பி மாற்ற வேண்டும்.

"என் கம்ப்யூட்டர், என் இஷ்டம்" என்று இதற்கு ஒரு பதில் வரும். அதற்கு எங்கள் பக்கத்து ஏரிகளைக் காட்டலாம். வட ஆற்காட்டில் ஏரிகள் தனித்தனியாகக் கிடப்பது குறைவு. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கும் கீழே. ஒவ்வொரு ஊரும் தன் ஏரியைத் தானே பார்த்துக்கொள்வது குடிமராமத்து வழக்கம், வண்டல் எடுப்பது, கரையைப் பலப்படுத்துவது, மதகைச் சரிபார்ப்பது எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் பொறுப்பு. ஆனால் மேல் ஊர்க்காரர்கள் கரையைக் கவனிக்காமல் விட்டு அது உடைந்தால், முதலில் மூழ்குவது கீழ் ஊர்க்காரனின் நெல். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பழைய வெர்ஷனில் நிற்கும் ஒரு நோடும் (வலையில் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டர்) இப்படித்தான். அதன் ஓட்டை வழியாக வருவது அந்தக் கம்ப்யூட்டரோடு நிற்காது.

என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் பிட்காயினில் 2013 மார்ச் மாதம் நடந்தது. அந்தப் பிப்ரவரியில் 0.8 வெர்ஷன் வந்திருந்தது. அதில் தரவுகளைச் சேமிக்கும் உள் அமைப்பைப் பெர்க்லி டிபியிலிருந்து லெவல்டிபிக்கு மாற்றியிருந்தார்கள், வேகத்துக்காக. பழைய பெர்க்லி டிபியில் ஒரே நேரத்தில் இத்தனை பூட்டுகள்தான் போட முடியும் என்று ஒரு வரம்பு இருந்தது. அது ஒரு விதி என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே யார் கவனத்திலும் இல்லை. இந்திய நேரப்படி மார்ச் 12 அதிகாலையில், 0.8 ஓட்டிய ஒரு மைனர், அதாவது எல்லோருக்கும் பொதுவான கணக்குப் புத்தகத்தில் பரிமாற்றங்களைப் பிளாக் பிளாக்காகச் சேர்ப்பவர், கொஞ்சம் பெரிய பிளாக் ஒன்றைச் செய்தார், எண் 225430. புதிய வெர்ஷன்கள் அதை ஏற்றுக்கொண்டன. பழைய வெர்ஷன்களில் பூட்டு வரம்பு தாண்டியதால் செல்லாது என்று தள்ளிவிட்டன. ஒரே கணக்குப் புத்தகம் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு கணக்கு, அந்தப் பக்கத்தில் இன்னொரு கணக்கு, இரண்டு பேரும் தாங்கள்தான் சரி என்று மேலே மேலே எழுதிக்கொண்டே போனார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்து அவர்கள் எடுத்த முடிவு. மைனர்களின் கணக்குப் போடும் சக்தியில் பெரும்பகுதி புதிய பக்கம்தான் இருந்தது. "பழசு வைத்திருப்பவர்கள் எல்லோரும் உடனே மாறுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடைக்காரர்கள், பிட்காயினை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுகள், சாதாரணப் பயனர்கள் என்று பழைய வெர்ஷனில் இருந்தவர்கள் ஏராளம், அவர்கள் எல்லோரையும் எட்டுவதற்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். பெரிய மைனிங் குழுக்களோ ஒரு சில, அவர்களோடு அப்போதே பேச முடியும். அதனால் புதியதில் இருந்தவர்களைப் பழைய 0.7க்குத் திரும்பச் சொன்னார்கள். அவர்களும் திரும்பினார்கள். 24 பிளாக்குகள் வீணாயின, ஒவ்வொன்றுக்கும் 25 பிட்காயின் கூலி போனது போனதுதான். நடுவில் ஒரே பணம் இரண்டு முறை செலவான சம்பவமும் ஒன்று நடந்தது, 10,000 டாலர் அளவுக்கு. ஆறேழு மணி நேரத்தில் கணக்கு மறுபடி ஒன்றானது. அப்புறம்தான் நிதானமாக, 2013 மே 15 வரைக்கும் தவணை, அதற்குள் பழைய வெர்ஷன்காரர்கள் மாறிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். ஆபத்து நேரத்தில் பின்னால் நிற்பவரோடு போய் நின்றுகொண்டு, ஆபத்து தாண்டிய பிறகு அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அப்டேட் செய்யச் சொல்கிறவர்கள் இந்த வரிசையை மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

எத்தீரியத்தில் இதே மாதிரி இரண்டு சம்பவங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. அங்கே பெரும்பாலான நோடுகள் ஓட்டியது கெத் என்ற மென்பொருள். அதில் கணக்கையே பிளக்கக்கூடிய ஒரு பிழையை 2020 ஜூலையில் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டார்கள், அறிவிப்பில் அது பாதுகாப்புத் திருத்தம் என்று சொல்லவில்லை. சொன்னால் கெட்டவன் முதலில் படிப்பான் என்ற நியாயமான பயம். விளைவு, 2020 நவம்பர் 11 அன்று அந்தப் பிழை தூண்டப்பட்டபோது பல செயலிகளை எத்தீரியத்தோடு இணைக்கும் இன்ஃபியூரா என்ற பெரிய சேவையே பழைய கெத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பியிருந்த மெட்டாமாஸ்க் போன்ற பணப்பைச் செயலிகள் தடுமாறின, சில எக்ஸ்சேஞ்சுகள் பணம் எடுப்பதை நிறுத்தி வைத்தன. அடுத்த வருஷம் இன்னொரு பிழை. இந்தத் தடவை, 2021 ஆகஸ்ட் 24இல் ஒரு முக்கியத் திருத்தம் வரப்போகிறது, தயாராக இருங்கள் என்று சில நாள் முன்னதாகவே தண்டோரா போட்டார்கள். ஓட்டை எது என்று சொல்லவில்லை, அவசரம் என்று மட்டும் சொன்னார்கள். மூன்றே நாளில், 27ஆம் தேதி, யாரோ அதைத் தாக்கினார்கள். அப்போதும் மாறாத நோடுகள் நிறைய இருந்தன, ஆனால் மைனர்களில் பெரும்பாலோர் மாறியிருந்ததால் முதன்மைக் கணக்கு தப்பியது. இரண்டுக்கும் நடுவில் மாறியது சொன்ன விதம்தான்.

மாஸ்டடான்காரர்கள் 2024 பிப்ரவரி 1 அன்று இதே வழியில் போனார்கள். ஒருவர் கணக்கை இன்னொருவர் எங்கிருந்தோ கைப்பற்றக்கூடிய ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டு, விவரத்தைப் பிப்ரவரி 15 வரை சொல்ல மாட்டோம், அதற்குள் சர்வர் நடத்துகிறவர்கள் மாற்றிவிடுங்கள் என்றார்கள். பிட்காயின் கோர் குழுவோ 2024இல் தன் பழக்கத்தையே மாற்றிக்கொண்டது. பழைய வெர்ஷன்களில் என்னென்ன ஓட்டைகள் இருந்தன என்று, உரிய காலம் தாழ்த்தி, எல்லாவற்றையும் வெளியே சொல்லத் தொடங்கினார்கள். ஓட்டைகளைப் பற்றிப் பேசாமலே இருந்ததால் பழையதில் ஆபத்தே இல்லை என்று மக்கள் நம்பிவிட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு இது முழுக்கச் சரியாகப் படுகிறது. காரணம் தெரியாமல் யாரும் நகர மாட்டார்கள்.

சரி, மக்கள் ஏன் நகர மாட்டேன் என்கிறார்கள்? சோம்பேறித்தனம், அறியாமை என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்குக் குடியாத்தத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஜெராக்ஸ் கடையும் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பும். கட்டற்ற மென்பொருள் மேல் அவ்வளவு பிரியம், கடை கம்ப்யூட்டரிலேயே ராத்திரி பகலாக லினக்ஸ் கோப்புகளையும் தமிழ் மென்பொருள்களையும் டொரண்ட்டில் பகிர்ந்துகொண்டிருப்பார். நாலு ஜிபி ரேம், விண்டோஸ் 7, டொரண்ட் மென்பொருளும் அந்தக் காலத்தது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்துவிட்டது என்று அவருக்கு நான் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "நல்லா ஓடிக்கினு இருக்கறத ஏன்ப்பா நோண்டணும்?"

ஐந்தாவது தடவைதான் எனக்குப் புத்தி வந்து, ஏன் அண்ணா என்று உட்கார்ந்து கேட்டேன். சில வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று ஒரு அப்டேட் போட்டிருக்கிறார். மறுநாள் காலையில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளைத் திறந்தால், கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த பழைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் கட்டம் கட்டமாக நிற்கின்றன. அன்று மதியம் பேரணாம்பட்டுக்கு 300 பத்திரிகை கொடுத்தாக வேண்டும். பொண்ணு வீட்டுக்காரர் கடை வாசலில் நின்றுகொண்டு இருக்கிறார். எப்படியோ பக்கத்துக் கடையில் அடித்துக் கொடுத்திருக்கிறார், ஆனால் அந்தக் காலை அவர் மனதை விட்டுப் போகவில்லை. நான் சொன்ன பாதுகாப்பு ஓட்டையை அவர் கண்ணால் பார்த்ததில்லை, எழுத்துக்குப் பதிலாக வந்த கட்டங்களைப் பார்த்திருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்டேட் பக்கம் போயிருக்க மாட்டேன்.

அந்த பயத்துக்குப் பொது நியாயமும் உண்டு. 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷனின் 2.90 வெர்ஷனை, அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே மேக் கம்ப்யூட்டரில் இறக்கியவர்களில் பலருக்கு, உள்ளே கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கேரேஞ்சர் என்ற நாசகார நிரலும் சேர்ந்து வந்தது. தளத்துக்குள் யாரோ புகுந்து கோப்பை மாற்றி வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளில் தளத்துக்குப் போய் ஒழுங்காகப் புதியதை இறக்கியவர்தான் மாட்டிக்கொண்டார், பழையதிலேயே இருந்தவர் தப்பித்தார். விளம்பரமும் வேண்டாத இணைப்புகளும் வெர்ஷனுக்கு வெர்ஷன் ஏறிக்கொண்டே போனதால் மியூடொரண்ட் 2.2.1ஐ விட்டு நகராதவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், என் பட்டியலில் கண்ணில் பட்டவரும் அப்படி ஒருவராக இருக்கலாம். இன்னொரு பக்கம், பழையதிலேயே இருந்தால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. கியூபிட்டொரண்ட் 2010 முதல் 2024 அக்டோபர் இறுதியில் 5.0.1 வரும் வரைக்கும், தான் இறக்குவது சரியான தளத்திலிருந்துதானா என்று சான்றிதழைச் சரிபார்க்காமலே இருந்தது. பதினாலு வருஷம். அதற்கு முந்தைய எந்த வெர்ஷனை வைத்திருந்தாலும் அந்த ஓட்டை உங்களோடு இருக்கிறது.

நம்பிக்கையை ஒருமுறை உடைத்துவிட்டால் அடுத்த பத்து அறிவிப்பும் வீண். புதிய பொத்தான், புதிய நிறம், விளம்பரம், பாதுகாப்புத் திருத்தம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி 'முக்கியமான அப்டேட்' என்று நீட்டினால், அடுத்த தடவை நிஜமாகவே வீடு பற்றி எரிந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கேட்டும் நகராதவர்களை என்ன செய்வது? கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கொடுக்கப் பல முறைகள் இருக்கின்றன. டோர் வலையில் எந்தெந்த வெர்ஷன்கள் பரிந்துரைக்கப்பட்டவை என்ற பட்டியலை, வலையின் பொது ஆவணத்திலேயே சேர்த்து அனுப்புகிறார்கள். பழசை ஓட்டுகிற ரிலேயின் (டோரில் தகவலைக் கடத்திவிடும் கம்ப்யூட்டர்) பதிவேட்டில் எச்சரிக்கை விழும், ரொம்பப் பழசானால் வலை அதை ஏற்காது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, திருத்தாமல் நின்ற சுமார் 380 ரிலேக்களை இப்படித்தான் வெளியே நிறுத்தினார்கள். மொனீரோ என்ற இன்னொரு டிஜிட்டல் பண வலை சில வருஷங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விதியை மாற்றிப் பழைய வெர்ஷனைச் செல்லாததாக்கும் வழக்கத்தை வைத்திருந்தது, நாட்காட்டியில் குறித்து வைத்த மாதிரி. எத்தீரியத்தில் இன்னும் கடுமை. மாறாவிட்டால் பிளாக் செய்வது நாளுக்கு நாள் கடினமாகி வலையே உறைந்துபோகும்படி உள்ளேயே ஒரு நேர வெடிகுண்டை வைத்திருந்தார்கள். கடைசியில் அது எழுதியவர்களின் தலைமேலேயே தொங்கியது, 2020 ஜனவரி 2இல் அதைத் தள்ளிவைப்பதற்கென்றே ஒரு தனி மேம்படுத்தல் செய்ய வேண்டியிருந்தது. எனக்கு டோர் வழிதான் பிடிக்கிறது. முதலில் சொல், அப்புறம் எச்சரி, கடைசியில் கதவைச் சாத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவகாசம் கொடு.

அவகாசத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. டிஎன்எஸ் பதில்கள் அசல்தானா என்று சரிபார்க்க உதவும் தலைச் சாவியை 2017 அக்டோபர் 11இல் மாற்றுவதாக இருந்தார்கள். புதிய சாவியை இன்னும் வாங்கிக்கொள்ளாத சர்வர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று தரவு காட்டியதும் நிறுத்திவிட்டு, காரணங்களைத் தேடி, சரியாக ஒரு வருஷம் கழித்து 2018 அக்டோபர் 11இல் மாற்றினார்கள். பெரிய குழப்பம் எதுவும் இல்லாமல் முடிந்தது. அதே டிஎன்எஸ் உலகம் 2019 பிப்ரவரி 1இல், பழைய சர்வர்களின் கோளாறுக்காக வருஷக்கணக்கில் செய்துவந்த அனுசரிப்புகளைச் சேர்ந்து கைவிட்டது. எங்கள் தாத்தாவின் பத்திரங்களில் இன்னும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றுதான் இருக்கிறது. 1989இல் மாவட்டம் பிரிந்து, அப்புறம் வேலூராகி, 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. பழைய பேரைப் போட்டுக் கடிதம் எழுதினாலும் தபால்காரர் புரிந்துகொண்டு கொண்டுவந்து சேர்ப்பார். மனிதர் அப்படி அனுசரிக்கலாம். நிரலில் ஒவ்வொரு அனுசரிப்பும் யாரோ ஒருவர் எழுதி, சோதித்து, காலமெல்லாம் சுமக்க வேண்டிய பாரம், அதிலேயே புதிய ஓட்டைகளும் ஒளிந்துகொள்ளும்.

என் பெரிய ஆதங்கம் வேறொன்று. இந்த அறிவிப்புகளில் எதுவும் குடியாத்தம் அண்ணனிடம் அவருக்குப் புரிகிற மொழியில் வந்து சேர்வதில்லை. மென்பொருளின் மெனுக்களைத் தமிழாக்கம் செய்ய ஆள் கிடைக்கிறார்கள், வெளியீட்டுக் குறிப்பைத் தமிழில் எழுத ஆள் இல்லை. இது அழகுக்காகவா, பாதுகாப்புக்காகவா, இன்றே வேண்டுமா, அடுத்த மாதம் போதுமா, போட்டால் எது உடையலாம், உடைந்தால் எப்படித் திரும்புவது? இந்த நாலைந்து கேள்விக்கு நாலைந்து வரியில் பதில் கிடைத்தால் முக்கால்வாசிப் பேர் மாற்றிக்கொள்வார்கள் என்று மனதார நம்புகிறேன். அதிலும் திரும்பும் வழி ரொம்ப முக்கியம். 2013இல் பிட்காயினைக் காப்பாற்றியதே பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடிந்ததுதான்.

அண்ணன் விஷயத்தில் கடைசியில் செய்தது இதுதான். பேஜ்மேக்கர் ஓடுகிற கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை, டொரண்ட் மென்பொருளை மட்டும் நீக்கிவிட்டு நெட் கேபிளைக் கழற்றிவிட்டோம். அவருடைய எழுத்துருக்களை இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்து ஒன்றைக் கடையிலும் ஒன்றை அவர் வீட்டிலும் வைத்தோம். பகிர்வதற்கு, என்னிடம் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் டெபியன் போட்டுக் கொடுத்தேன். ஒரு அரைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் தமிழில் எழுதி ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே ஒட்டினேன்: 'பாதுகாப்பு' என்று இருந்தால் அன்றைக்கே போடவும், மற்றதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், போடுவதற்கு முன் நகல், சந்தேகம் என்றால் போன்.

மூணு வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. "தம்பி, பாதுகாப்புன்னு போட்டுக்கினு ஒண்ணு வந்துக்கீது. நகல் எடுத்துட்டேன். போட்டுடட்டா?"